பாவாடை நீளத்தில் ஒளிந்த வயது

19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் குடும்ப இசைக்குழுக்களின் பழைய படம் ஒன்றை யாராவது போட்டால் போதும், கீழே "எவ்வளவு க்யூட்!" என்று வரிசையாக வந்து விழும். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. அந்த உடுப்பெல்லாம் பிள்ளைக்காகத் தைத்தது இல்லை, டிக்கெட்டுக்காகத் தைத்தது என்பது என் கட்சி.

அந்தக் காலத்தில் ஒரு சிறுமியின் பாவாடையைப் பார்த்தே வயதைச் சொல்லிவிடலாம். சின்னவளுக்கு முழங்காலை ஒட்டி நிற்கும், வளர வளர இறங்கும், கடைசியில் கணுக்காலும் மறைந்துவிடும். மேடைக்காரர்களுக்கு இது எவ்வளவு வசதி பாருங்கள்! பாவாடையை இறக்காமலே வைத்திருந்தால் பிள்ளையும் வளராமலே இருக்கும்.

நடிகை லோட்டா கிராப்ட்ரீ இதற்கு நல்ல உதாரணம். 1847இல் நியூயார்க்கில் பிறந்தவள். தங்க வேட்டைக் காலத்தில் குடும்பம் கலிஃபோர்னியா போனது. அங்கே சுரங்கத் தொழிலாளிகள் முன்னால் ஐரிஷ் நடனம் ஆடினாள். பச்சை வால்கோட்டு, முழங்கால் வரை கால்சட்டை, உயரத் தொப்பி என்று ஒரு குட்டி ஐரிஷ்காரன் வேடம். சுரங்கக்காரர்கள் வீசிய காசையும் தங்கக் கட்டிகளையும் அம்மா மேரி ஆன் பொறுக்கிச் சேர்த்தார். இருபது வயதிலும் லோட்டா மேடையில் சிறுமிதான். 1867இல் ஆங்கில எழுத்தாளர் டிக்கன்ஸின் கதையை வைத்து எழுதிய நாடகத்தில் 'லிட்டில் நெல்' என்ற குட்டிப் பெண்ணாக வந்து பேர் வாங்கினாள். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அந்த அம்மா பணத்தைத் தின்று தீர்க்கவில்லை, நிலமும் கட்டடமுமாக மாற்றி வைத்தார். 1924இல் லோட்டா இறந்தபோது சொத்து சுமார் 40 லட்சம் டாலர்.

"பாட்டுக்குப் பேர்போன ஹட்சின்சன் குடும்பம் எளிமையாகத்தானே உடுத்தியது?" என்று கேட்பீர்கள். நியூ ஹாம்ப்ஷயரின் மில்ஃபோர்டு ஊர் விவசாயக் குடும்பம் அது. அண்ணன்மார் மூன்று பேரோடு ஊர் ஊராகப் பாடக் கிளம்பியபோது தங்கை ஆபிக்குப் பதின்மூன்று வயதுகூட ஆகியிருக்குமோ என்னவோ. அடிமை முறையை எதிர்த்துப் பாடியவர்கள், அந்த மரியாதை எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் அவர்களுக்கு முன்மாதிரி, ஆல்ப்ஸ் மலைப் பகுதியான டிரோலின் மலைநாட்டு உடையில் அமெரிக்காவைச் சுற்றிய ரைனர் குடும்பம். மலையிலிருந்து இறங்கி வந்த வெள்ளந்தி மனிதர்கள் என்ற தோற்றமே அங்கே பாதி விற்பனை. எளிமையும் ஒரு வேடம்தான்.

துணியில் ஆபத்தும் இருந்தது. மெல்லிய மஸ்லின், பக்கத்திலேயே திறந்த கேஸ் விளக்கு. 1861 செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியாவின் கான்டினென்டல் தியேட்டரில், உடை மாற்றும் அறையில் ஒரு நடனப் பெண்ணின் உடுப்பில் தீப்பிடித்தது. காப்பாற்றப் போனவர்களின் உடுப்பும் பற்றிக்கொண்டது. கேல் சகோதரிகள் உட்படப் பலர் இறந்தார்கள். அவர்கள் சிறுமிகள் இல்லை என்பது சரி. சிறுமிகளும் அதே துணியில், அதே விளக்குகளுக்குப் பக்கத்தில்தானே நின்றார்கள்?

அப்புறம் பஸ்டர் கீட்டன், பின்னாளில் ஊமைப்படங்களில் சிரிக்க வைத்த நடிகர். 1900 வாக்கில் அப்பா அம்மாவோடு மேடையேறிய பொடியன். அப்பாவுக்கு இருந்த அதே வழுக்கை விக், அதே தாடி. சட்டை முதுகில் சூட்கேஸ் கைப்பிடி ஒன்றைத் தைத்திருந்தார்கள், அப்பா பிடித்துத் தூக்கி எறிய வசதியாக! உடுப்பின் வேலை என்ன என்று இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது. நியூயார்க்கில் 1870களிலேயே தொடங்கிய குழந்தைப் பாதுகாப்புச் சங்கத்தார் பையன் உடம்பில் காயம் இருக்கிறதா என்று பரிசோதித்ததும் உண்டு. தனக்கு வலிக்கவே இல்லை என்று கீட்டன் பிற்காலத்தில் சொன்னார். சொல்லட்டும். விழப் பழகிய பிள்ளை வேறு என்ன சொல்லும்?

ஆலையில் பஞ்சு நூற்ற பிள்ளைகளைவிட இவர்கள் பாடு தேவலை என்று ஒரு வாதம் வரும். உண்மைதான். ஆனால் ஆலைப் பிள்ளையின் படத்தைப் பார்த்து யாரும் கொஞ்சுவதில்லையே.

இன்றைக்கு அமெரிக்கக் குடும்ப யூடியூப் சேனல்களிலும் அம்மாவும் பிள்ளைகளும் ஒரே டிசைன் பைஜாமாதான். அப்படிப் படமெடுக்கப்படும் பிள்ளைகளுக்கு வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்கச் சொல்லும் சட்டம் 2024 ஜூலையில் இல்லினாயில் அமலுக்கு வந்தது. கலிஃபோர்னியாவும் மின்னசோட்டாவும் பின்னால் வந்தன. பெரும்பாலான மாநிலங்களில் இன்னும் இல்லை. அங்கெல்லாம் மேரி ஆன் மாதிரி ஒரு அம்மா வாய்த்தால்தான் உண்டு.