புல்லைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?

ஜெய்சல்மேர் போய்விட்டு வந்து நாலு நாளாகிறது, எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. பாலைவன தேசியப் பூங்கா, 3,162 சதுர கிலோமீட்டர், கானமயில் (Great Indian Bustard) என்கிற அழிந்துவரும் பெரிய பறவைக்கு மிச்சமிருக்கிற கடைசிப் புகலிடம் என்று சொல்லலாம். அதைப் பார்க்கத்தான் ரயில் மாறி மாறிப் போனேன். ஜீப்பில் கூட வந்தது நம்ம ஊர்க் குடும்பம் ஒன்று. பூங்காவுக்குள் இருக்கிற சுதாசரி புல்வெளிப் பக்கம் போகலாமா என்று கேட்டதற்கு, "அங்க வெறும் புல்லுதான சார், சம் மணல்மேட்டுக்கே விடச் சொல்லுங்க" என்றார்கள்.

அட, அந்தப் புல்தான்யா பூங்காவே! மணல்மேடு அதில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறுமோ என்னவோ, மற்றதெல்லாம் கல்தரை, சேவண் புல்வெளி, அங்கங்கே நம் வன்னி மரம் (அங்கே கேஜ்ரி என்கிறார்கள்). கானமயில் அந்த வெட்டவெளித் தரையில்தான் முட்டையிடும், அதுவும் ஒரு தடவைக்குப் பெரும்பாலும் ஒன்றே ஒன்று. அதை விட்டுவிட்டு எல்லாக் கூட்டமும் சாயங்காலம் சம்மில் போய்க் குவிகிறது. ஒரு பக்கம் ஸ்பீக்கர் அலறுகிறது, இன்னொரு பக்கம் ஜீப்புகள் மேட்டில் ஏறி இறங்கி உறுமுகின்றன. என் காலடியில் ஒரு வண்டு நடந்துபோன தடம், ரவிக்கைத் தையல் மாதிரி அவ்வளவு நுணுக்கமாக இருந்தது, குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு டயர் அதன் மேல் ஏறிப் போய்விட்டது. பக்கத்து எருக்கஞ்செடியில் பூவைவிட சிப்ஸ் பாக்கெட்தான் அதிகம். எடுத்துப் பையில் போட்டால் என்னைக் குப்பை பொறுக்குகிறவன் மாதிரிப் பார்க்கிறார்கள், சரி, பார்த்துக்கொள்ளட்டும்.

மறுநாள் விடியற்காலை தனியாகக் காசு கொடுத்து வண்டி பிடித்து சுதாசரி போனேன். போகிற வழியெல்லாம் மின்கம்பி. 15 கிலோ வரை எடையுள்ள பறவை, கண் பக்கவாட்டில் இருப்பதால் எதிரே இருக்கும் கம்பி தெரியாது, தெரிந்தாலும் சட்டென்று விலக முடியாது, மோதிச் சாகிறது. கம்பிகளை மண்ணுக்கடியில் பதிக்கச் சொல்லி 2021-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது, 2024-இல் அதையும் தளர்த்தியாயிற்று. ஆத்திரம் வராமல் என்ன செய்யும்?

ஆனாலும் பார்த்துவிட்டேன். தூரத்தில், புல்லுக்கு மேலே ஒரு வெள்ளைக் கழுத்து, அவ்வளவுதான். திரும்பி வந்து அந்தக் குடும்பத்துப் பெரியவரிடம் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "வான்கோழி மாதிரி இருக்கே சார்."