வீடில்லாத கர்ப்பிணிக்கு முதலில் தேட வேண்டியது வீடு இல்லை

“உங்க ஏரியா எது? அங்க போய்ப் பதியுங்க.” ஒதுங்க இடமில்லாத கர்ப்பிணி சுகாதார நிலையத்துக்குப் போனால் பெரும்பாலும் காதில் விழுவது இதுதான். புகுந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்டவர், நடைபாதையில் படுப்பவர், கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் இருப்பவர், அத்தை வீட்டில் நாலு நாள் தோழி வீட்டில் நாலு நாள் என்று ஓட்டுபவர், எல்லோருக்கும் அதே பதில். கேட்டுக்கொண்டு திரும்பி வந்துவிடாதீர்கள். ஏழாம் மாதம் வளையல் அடுக்கி மகளைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போகிற ஊர் இது. பாதிக் கர்ப்பத்தில் இடம் மாறுகிற பெண்ணை எப்படிக் கணக்கில் வைப்பது என்று நம் சுகாதாரத் துறைக்கு நன்றாகவே தெரியும். ஓர் ஊரில் பதிந்து இன்னோர் ஊரில் பிரசவமானாலும் எல்லாம் ஒரே பிக்மி எண்ணில்தான் (கர்ப்பத்தைப் பதியும்போது அரசு தரும் எண்) ஏறும். தாய்வீடு போகும் பெண்ணுக்குச் செய்வதை வீடே இல்லாதவருக்கும் செய்ய முடியும்.

என் கருத்து இதுதான்: முதலில் அந்த எண், பிறகு கூரை. நடப்பது தலைகீழ். இடம் கிடைக்கட்டும், பிறகு டாக்டரைப் பார்க்கலாம் என்று ஆறேழு மாதம் போய்விடுகிறது. கையில் ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டுகூட இல்லாத நிறைமாதப் பெண்ணைச் சேர்த்துக்கொள்ள எந்த இல்லத்தின் பொறுப்பாளரும் யோசிப்பார்.

பதிவு 12 வாரத்துக்குள் நடந்தால் நல்லது. தாண்டிவிட்டாலும் போங்கள். இப்போது இரவில் எங்கே படுக்கிறாரோ, அதற்கு அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் போதும். ஆதார் இல்லை என்று பரிசோதனையை மறுக்கக் கூடாது. உதவித்தொகை வாங்கத்தான் அது வேண்டும். மறுத்தால் அங்கேயே நின்று 104 சுகாதார உதவி எண்ணுக்குப் பேசுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் பிக்மி எண்ணைக் கேட்பார்கள். தாய் சேய் நல அட்டையின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து நம்பகமான ஒருவரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி வையுங்கள். மழையில் நனைந்த அட்டையை வைத்துக்கொண்டு பிரசவ வார்டில் ரத்த வகை சொல்ல முடியாது.

தெருவில் இருக்கும் பெண்ணிடம் மாத்திரை கொடுத்து அனுப்பினால் போதாது. இரும்புச் சத்து மாத்திரை தினம் ஒன்றாக 180 நாள், கால்சியம் 500 மில்லிகிராம் நாளைக்கு இரண்டு வேளை. இரண்டையும் சேர்த்து விழுங்கினாலோ, டீயோடு விழுங்கினாலோ இரும்பு சரியாக உடம்பில் ஏறாது. டீயையும் பன்னையும் வைத்தே பகலை ஓட்டுகிறவருக்கு இதை யாராவது சொல்லியாக வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இரும்பு, காலையிலும் மதியமும் சாப்பாட்டோடு கால்சியம் என்று பிரித்துக்கொள்ளலாம். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் மாத்திரையோடு நிற்காமல் மருத்துவமனையில் சேர்த்துப் பார்க்க வேண்டிய நிலை.

இன்னொன்று, பலர் வாய்விட்டுச் சொல்லாதது: கழிப்பறை இல்லை என்பதால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். ராத்திரி இருட்டில் போகப் பயம், பகலில் கட்டணக் கழிப்பறைக்குக் காசு. அடக்கி அடக்கி சிறுநீர்த் தொற்று வருகிறது. அது சிறுநீரகம் வரை ஏறினால் காய்ச்சல், குறைமாதப் பிரசவம். உதவ நினைப்பவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிக் கொடுப்பதைவிட, அருகில் இரவிலும் திறந்திருக்கும் கழிப்பறை எது என்று கண்டுபிடித்துக் காட்டுவது மேல். சென்னையில் என்றால் அம்மா உணவகத்தில் 1 ரூபாய் இட்லியும் 5 ரூபாய் சாம்பார் சாதமும் இருக்கின்றன. அங்கன்வாடியில் சத்துமாவு கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய். 14,000 வங்கியில் தவணையாக விழும், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும். வயது 19 நிறைந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும். சிக்கல் கணக்கில்தான். கணக்கு அவர் பெயரில், ஆதாரோடு இணைந்து, உயிரோடு இருக்க வேண்டும். கணவன் கையில் ஏடிஎம் கார்டு இருக்கிற கணக்கைக் கொடுத்துவிட்டுப் பணத்தைப் பறிகொடுப்பது சர்வசாதாரணம். புதிதாக ஜன்தன் கணக்கு திறந்துவிடுங்கள்.

இனி கூரை. வீட்டில் அடி உதை என்றால் பெண்கள் உதவி எண் 181. மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கும் சகி ஒருங்கிணைந்த சேவை மையத்தில் பொதுவாக 5 நாள் வரைதான் தங்கலாம். அந்த ஐந்து நாளுக்குள் சக்தி சதன் போன்ற நீண்டநாள் இல்லத்துக்குக் கடிதம் வாங்குவதுதான் வேலை. முதல் நாளே ஆரம்பிக்காவிட்டால் ஆறாம் நாள் மறுபடி பேருந்து நிலையம்தான். வீடற்றோர் காப்பகம் சென்னையில் மாநகராட்சியுடையது, 1913-இல் கேட்கலாம். பெண்களுக்கானதா, பிரசவம் முடிந்து குழந்தையோடு திரும்ப விடுவார்களா என்று சேரும் முன்பே கேளுங்கள். அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்றை வைத்து ஆதாரில் முகவரி மாற்றலாம். அதை விட்டுவிடாதீர்கள்.

துரத்தப்பட்டவருக்கு அந்த வீட்டிலேயே உரிமை உண்டு என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு சேர்ந்து வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமையைத் தருகிறது. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அது சேர்ந்து வாழ்ந்த வீடாகலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரிடம் மனு, 15100-இல் இலவச வழக்கறிஞர். பெண்ணுக்கு இதில் வருமான வரம்பு கிடையாது. அந்த வீட்டுக்குத் திரும்புவது ஆபத்து என்றால் வாடகைக்குப் பணம் கேட்டும் உத்தரவு வாங்கலாம்.

திருமணமாகாதவர் கணவர் பெயர் சொல்ல முடியாமல் மருத்துவமனைக்கே போகாமல் இருக்கிறார். தாயின் உறுதிமொழிப் பத்திரத்தை வைத்துத் தந்தை பெயர் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் தர வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டு தீர்ப்பு. கர்ப்பிணி 18 வயது ஆகாதவர் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைத்துவிடுங்கள்.

வலி எடுத்தால், ரத்தம் பட்டால், தலைவலியோடு கண் மங்கினால், குழந்தை அசைவு குறைந்தால் 108. அரசு மருத்துவமனையில் சிசேரியன், ரத்தம், மருந்து, சாப்பாடு எல்லாம் இலவசம். சாப்பாடு சுகப்பிரசவத்துக்கு 3 நாள், சிசேரியனுக்கு 7 நாள். வீட்டில் கொண்டுபோய் விட வண்டியும் உண்டு. எந்த வீட்டில் என்பதுதான் கேள்வி. டிஸ்சார்ஜ் சீட்டு எழுதிய பிறகு அல்ல, அட்மிஷன் அன்றே “போக இடமில்லை” என்று வார்டு டாக்டரிடமும் மருத்துவமனை சமூகப் பணியாளரிடமும் சொல்லிக் கேஸ் ஷீட்டில் எழுத வையுங்கள். எழுதியிருந்தால் இல்லத்துக்குப் பேச அவர்களுக்கும் ஒரு பிடி.

அந்த வார்டு வாசலில்தான் புரோக்கரும் நிற்பார். “பிரசவம் வரை ரூமும் சாப்பாடும் நம்ம பொறுப்பு, குழந்தையை நல்ல குடும்பத்துல சேர்த்துடலாம்” என்பார். அது குழந்தை விற்பனை, பெற்றவரும் வழக்கில் சிக்குவார். வளர்க்க முடியாது என்று தாயே முடிவெடுத்தால் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் ஒப்படைக்கலாம், குற்றமில்லை. அங்கே கையெழுத்துப் போட்ட பிறகும் மனம் மாற 60 நாள் அவகாசம் உண்டு. புரோக்கர் ஒரு நாள்கூடத் தரமாட்டார்.