எட்டுவழிச் சாலைத் தீர்ப்பு: வரிசை மாறியிருக்கிறது

சென்னை–சேலம் எட்டுவழிச் சாலை பற்றி மேலே ஒரு நண்பர், "எட்டுவழிச் சாலையை உச்ச நீதிமன்றமே ரத்து செய்துவிட்டது, அதை வைத்து இனி எந்த வேட்பாளரையும் கேள்வி கேட்க முடியாது" என்று எழுதியிருக்கிறார். அது தவறு. நில எடுப்பு அறிவிப்புகளை ரத்து செய்தது சென்னை உயர் நீதிமன்றம், 2019 ஏப்ரல் 8-ல். உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 8-ல் அந்த அறிவிப்புகள் செல்லும் என்றது. வருவாய்ப் பதிவேட்டில் நில உரிமையாளர் பெயரை மாற்றியதை மட்டும்தான் தப்பு என்று சொன்னது.

எங்கள் தென்னந்தோப்புக்கு நடுவில் 2018-ல் நட்ட அளவைக் கல்லை அப்பா தினமும் பார்த்துக்கொண்டு நின்றார். அதனால் தேதிகள் மறக்காது.

அப்போது முதல்வராக இருந்த எடப்பாடி பழனிசாமி நம் சேலம் மாவட்டத்துக்காரர். பயண நேரமும் விபத்தும் குறையும் என்று சட்டமன்றத்திலேயே இந்தச் சாலையை ஆதரித்துப் பேசினார். உயர் நீதிமன்றத்தில் எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் பாமகவின் அன்புமணியும் ஒருவர். அதே பாமக, உயர் நீதிமன்றத் தீர்ப்பு வருவதற்கு முன்பே அதிமுகவோடு கூட்டணி சேர்ந்துவிட்டது. மேடையில் கேட்டதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

திமுகவுக்கும் இதே அளவுகோல்தான். 2021-ல் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் என்றார்கள். 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியபோது ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம், மின்சாரம் ஆண்டுக்கு 3600 யூனிட் என்று வரம்பு வைத்தார்கள்.

நண்பர் அந்த வரியைத் திருத்திவிட்டால் நல்லது. நிலம் வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்து வழக்கு முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது.