181 காட்டுவது ஜியோஜீப்ராவின் பிழை இல்லை

"மண்டபம் பக்கப் பிள்ளைகளுக்கு ஜியோஜீப்ரா (வடிவங்கள் வரையுற கணித சாஃப்ட்வேர்) காட்டினா முக்கோணக் கோணங்கள் 181 வருது, சாஃப்ட்வேரே தப்பு"ன்னு மேலே எழுதியிருக்கீங்க. கணக்கு சரிதான் நண்பரே, திரையில் தெரியுறது மட்டும் முழு எண்ணாக்கினது. வள்ளத்துப் பாய் மாதிரி ஒரு முக்கோணம்: 59.6°, 60.7°, 59.7°. கூட்டினா 180. தசமம் இல்லாம காட்டினா 60, 61, 60 ஆகி 181. ரவுண்டிங் அமைப்பில் (எத்தனை தசம இடம் காட்டணும்ங்கிறது) 2 தசமம் வெச்சாலும் சில நேரம் 180.01 வரும். அதனால் காட்டுற எண்களைக் கையால் கூட்டாம, உள்ளீட்டுப் பெட்டியில் மூணு கோணங்களின் பெயர்களை α+β+γ ன்னு கொடுங்க. உள்ளே இருக்கிற முழு மதிப்பைக் கூட்டி 180° காட்டும்.

கூட்டுத்தொகை 900 வந்தா அது வேற கதை. புள்ளிகளைத் தலைகீழ் வரிசையில் தொட்டு, மூணும் வெளிப்பக்கம் சுத்தி வர்ற கோணமா (360°-ல் உள்கோணம் போக மீதி) விழுந்திருக்கு. கோணத்தின் பண்புகளில் 0°–180°ன்னு மாத்துங்க.