கடிக்குமாண்ணே?

இன்று காலையில் சித்தப்பா போன் செய்தார். எங்கள் நாய் மணி எப்படி இருக்கிறது என்று கேட்டார். கேட்ட கையோடு, “அதுக்குச் செலவழிச்ச துட்டுல ஒரு கன்னுக்குட்டி வாங்கிக் கட்டிருக்கலாமேடே” என்றார். மதுரையில் இரண்டாவது மாடி வாடகை வீட்டில் கன்றுக்குட்டியை எங்கே கட்டுவது, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலா? போனை வைத்துவிட்டேன். வயிற்றெரிச்சல் மட்டும் அடங்கவில்லை.

வெளியூர் போன இடத்தில் நாய்க்கு முடியாமல் போய்த் தவித்தவர்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. அம்பாசமுத்திரத்தில் கல்யாணம். மறுவீடு ஞாயிற்றுக்கிழமை. அன்று விடியும்போது மணி நனைந்த சாக்கு மாதிரி கிடந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்திருக்கிறது, மூக்கோரம் லேசாக ரத்தம். எங்களைக் கூட்டிவந்த சேக்காளி காரோடு குற்றாலம் போய்விட்டான், போன் சுவிட்ச் ஆஃப்.

அவ்வளவுதான், கல்யாண வீட்டில் இருந்த அத்தனை பேரும் டாக்டராகிவிட்டார்கள். ஆச்சியைக் கேட்டால் கண்ணு பட்டுட்டு, மிளகாய் சுற்றிப் போட வேண்டும். மைனியைக் கேட்டால் சீரகத் தண்ணீர். தொட்டுப் பார்த்த மாமா, “நாய் உடம்பு சூடாத்தாம்ல இருக்கும்” என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். நாய்க்கு 101, 102 டிகிரி வரைக்கும் இயல்புதான், இது அதைத் தாண்டிக் கொதிக்கிறது என்று யாரிடம் சொல்ல? இன்னொரு அண்ணாச்சி தன் மூட்டுவலிக்கு வைத்திருந்த இபுபுரூஃபன் மாத்திரையையே எடுத்து நீட்டினார். நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கிற மாத்திரை அது. ஏற்கெனவே ரத்தம் கசிகிற நாய்க்கு! “மனுசன் எனக்கே ஒண்ணும் செய்யல, நாய்க்கு என்ன செய்யப்போவுது?”

என் மனைவி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள், தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று. சித்தப்பாவுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. “தாமிரபரணித் தண்ணியக் குடிச்சு எந்தச் சீவனுக்கும் நோய் வந்தது கிடையாது, கேட்டியா?” என்று பொதிகை மலையில் ஆரம்பித்தவர், புன்னைக்காயலில் ஆற்றைக் கடலில் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகுதான் ஓய்ந்தார். நோயாளி அதுவரை அவர் காலடியில்தான் கிடந்தது.

உள்ளூர் கால்நடை டாக்டர் ஒரு பசுவின் பிரசவத்துக்குப் போயிருந்தார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். “ரயில்ல ஏத்திட்டுப் போ” என்று ஒரு யோசனை வந்தது. ரயிலில் நாய் என்றால் கார்டு பெட்டியில் உள்ள கூண்டு, அல்லது முதல் வகுப்பு ஏசியில் தனி கூபே. செங்கோட்டை பாசஞ்சரில் கூபேக்கு நான் எங்கே போவேன்?

சரி, ஆட்டோ ஸ்டாண்டுக்கு வருகிறேன். என்னால் மன்னிக்கவே முடியாத இடம் அதுதான். போர்வையில் சுற்றிய நாயைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறேன். தலை தொங்குகிறது, நாக்கு ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கிறது. முதல் வண்டிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “கடிக்குமாண்ணே?” என்றார். கடிக்க முதலில் வாயை மூட வேண்டும் அண்ணாச்சி, அதற்கே தெம்பில்லை என்றேன். “இல்ல, சும்மா இருக்கையில கடிக்குமா?” சும்மா இருக்கும்போது அது எதற்கு உங்கள் ஆட்டோவில் ஏறப்போகிறது? அடுத்தவர் வந்து போர்வையை விலக்கி, “ராஜபாளையமா?” என்றார். நாட்டு நாய் என்றேன். “சிப்பிப்பாறை சாடை இருக்கே” என்றார். அதைக் கேட்டு இன்னொருவர் வண்டியை விட்டு இறங்கியே வந்து, சிப்பிப்பாறை இவ்வளவு குட்டையாக இருக்காது, இதன் அம்மையோ அப்பனோ கன்னி ஜாதி நாயாகத்தான் இருக்கும் என்று அடித்துச் சொல்ல, டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு பெரியவர் “மூஞ்சியப் பாருங்கவே, கோம்பை” என்று குரல் கொடுக்க, நான் நடுவில் அதைத் தோள் மாற்றித் தோள் போட்டுக்கொண்டு நிற்க, ஒருத்தராவது அதற்கு என்ன என்று கேட்க வேண்டுமே! பாளையங்கோட்டைக்கு எவ்வளவு என்றேன். “ரிட்டன் சார்ஜ் சேர்த்துத் தரணும். சீட் கவர் வேற புதுசு.” சரி, தருகிறேன். “வாந்தி எடுத்தா?” கழுவிவிடுகிறேன். “வாடை போவாதுல்லா.” சரிப்பா, அதற்கும் சேர்த்துத் தருகிறேன். எல்லாம் பேசி முடித்து, நான் ஒரு காலை உள்ளே வைத்த பிறகு, அந்த மனிதர் திரும்பி என்ன கேட்டார் தெரியுமா?

“கடிக்காதுல்லா?”

காலை எடுத்துவிட்டேன். கடைசியில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு போன ஒரு குட்டியானைக்காரர்தான், “என்ன செய்யுது பிள்ளைக்கு?” என்று கேட்டுப் பக்கத்தில் உட்கார இடம் கொடுத்தார். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை நிறுத்தாத குறையாக மெதுவாக ஏற்றி இறக்கினார்.

பாளையங்கோட்டை டாக்டர் காது மடலைத் திருப்பி ஒன்று, விரலிடுக்கில் இரண்டு என்று உண்ணியைப் பிடுங்கிப் போட்டார். ரத்தத்தில் பிளேட்லெட் தரைதட்டியிருந்தது. எர்லிக்கியா, அதாவது உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடித்து ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்துத்தான் காய்ச்சல் காட்டுமாம். அப்படியென்றால் மணி இதை மதுரையிலிருந்தே கொண்டுவந்திருக்கிறது. தாமிரபரணி நிரபராதி. இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஏதோ அவரே கேஸ் ஜெயித்த மாதிரி!

டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாளைக்கு. வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும், பால், தயிரோடு கொடுத்தால் மருந்து உடம்பில் சேர்வது குறையும். இதை எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னேன். சொல்லி முடித்துக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், மைனி தயிர்ச்சோறு பிசைந்துகொண்டிருக்கிறார், மாத்திரையை உள்ளே வைக்க!

அது கூடப் போகட்டும். நான் இத்தனை தூரம் கிளம்பிப் போனதே மறுவீட்டுச் சொதிக்காகத்தான். ராத்திரி திரும்பி வந்தால் ஒரு தூக்குச்சட்டியின் அடியில் கொஞ்சம் வைத்திருந்தார்கள். உருளைக்கிழங்கு, கேரட், முருங்கைக்காய் எல்லாவற்றையும் யாரோ பொறுக்கித் தின்றுவிட்டு வெறும் தேங்காய்ப்பாலை விட்டிருக்கிறார்கள். இஞ்சிப் பச்சடி எங்கே என்றால், தீர்ந்துட்டாம். மறுவீட்டில் போய் இஞ்சிப் பச்சடி எப்படிவே தீரும்?