வயலுக்கு நடுவே நட்ட கல்

கிராமப் பகுதியில் பெரிய கடையோ விடுதியோ கிடங்கோ வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பினால் போதும், ஊர் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ‘பிள்ளைகளுக்கு வேலை வேண்டாமா?’ என்று ஒரு பக்கம். ‘ஊரே பாழாகிவிடும்’ என்று இன்னொரு பக்கம். ஆளுக்குப் பாதி உண்மையை வைத்துக்கொண்டு முழுச் சண்டை போடுகிறார்கள். நான் நெடுங்காலம் இரண்டாவது பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தியவன். இப்போதும் பெரும்பாலும் அங்கேதான் நிற்கிறேன். ஆனால் எதைக் காப்பாற்றச் சொல்லிக் கத்துகிறோம் என்பதில் என் எண்ணம் மாறிவிட்டது. பதிவு நீளம், பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

கிராமத்தின் இயல்பு என்று நாம் எழுதும்போது என்னவெல்லாம் சொல்கிறோம்? பச்சை வயல், மர நிழல், பழைய வீடு, அமைதி. எல்லாமே அந்த வழியாகக் காரில் போகிறவர் கண்ணில் படுபவை. அங்கேயே இருந்து உழுகிறவரைக் கேட்டால் பட்டியல் வேறு மாதிரி வரும். டிராக்டர் பழுதானால் அன்றைக்கே சரிசெய்ய ஒரு மெக்கானிக். விதை வாங்க ஒரு கடை. விளைந்ததை எடுத்துப்போக வரும் வியாபாரி. அடைபடாத வாய்க்கால். அறுவடை இயந்திரம் திரும்புகிற அளவுக்குப் பாதை. வயல் பச்சையாக இருப்பதே இவையெல்லாம் இருப்பதால்தான். மெக்கானிக் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால், சில ஆண்டுகளில் பச்சையும் அவர் பின்னாலேயே போய்விடும்.

அதனால்தான் ‘கிராமத்தில் வணிகமே கூடாது’ என்கிறவர்களோடு இப்போது என்னால் ஒத்துப்போக முடிவதில்லை. கடை வேண்டும், பட்டறை வேண்டும், பதப்படுத்தும் ஆலைகூட வேண்டும். கிராமத்துக்கு ஆபத்து எப்போதும் லாரியில்தான் வரும் என்றும் இல்லை.

பிரான்சில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஒலெரோன் தீவில் மொரீஸ் என்ற சேவல் விடியற்காலையில் கூவித் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று, பக்கத்தில் விடுமுறைக்கால வீடு வைத்திருந்த தம்பதி நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2019 செப்டம்பரில் தீர்ப்பு சேவலுக்குச் சாதகமாக வந்தது. 2021 ஜனவரியில், கிராமப்புற ஒலிகளும் வாசனைகளும் நாட்டின் பொது மரபில் சேர்ந்தவை என்று சட்டமே இயற்றினார்கள். மொரீஸ் பாவம், அதைக் கேட்க உயிரோடு இல்லை. கேட்டவர்கள் எல்லோரும் சிரிக்கிற கதைதான். ஆனால் அங்கே வம்பைக் கொண்டுவந்தது ஆலையோ அங்காடியோ இல்லை, ஒரு வீடு. கிராமத்தை ஆசைப்பட்டுத் தேடி வருகிறவர்தான் பல இடங்களில் முதல் புகாரையும் எழுதுகிறார். எருக்குழி நாறுகிறது, அறுவடை இயந்திரம் இரவெல்லாம் ஓடுகிறது, சாலையில் மண் கொட்டிக் கிடக்கிறது. அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் உழவர்களை இப்படிப்பட்ட வழக்குகளிலிருந்து காக்கத் தனிச் சட்டங்கள் இருக்கின்றன என்றால், வழக்குகள் எந்த வேகத்தில் வந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வயல் மனையாவதை அருகில் நின்று பார்த்திருக்கிறீர்களா? முதலில் கல் நடுவார்கள். அதுவரை வரப்பைத் தாண்டிப் போய்வந்த ஆட்டுக்குக்கூட அது தடையாக இருக்காது. அடுத்த மாதம் லாரி லாரியாக மண் வந்து இறங்கும். சுற்றியுள்ள நிலத்தைவிட முழங்கால் உயரத்துக்கு மேட்டைக் கட்டிச் சமன் செய்வார்கள். முதல் பெருமழையில்தான் வேலை தெரியும். முன்பு அந்த வயலில் பரவி, நின்று, மெல்ல வடிந்த தண்ணீர் இப்போது பக்கத்து நிலத்தில் பாயும். அவர் வரப்பு ஒரு மூலையில் உடையும். கட்டுவார், அடுத்த மழையில் மறுபடி உடையும். மேட்டின் ஓரமாக ஓடிய வாய்க்காலில் மண் சரிந்து தூர்ந்துபோகும். கடைசி வயலுக்குத் தண்ணீர் ஏறாது. அறுவடை இயந்திரத்துக்கு உள்ளே போக வழி இருக்காது. நான்காவது ஆண்டு அந்தக் கடைசி வயல்காரரும் விற்பார். பத்திரத்தில் ‘என் சொந்த விருப்பத்தின் பேரில்’ என்று எழுதியிருக்கும்.

இந்த ஒரு வரிதான் எனக்குத் தொண்டையில் சிக்குகிறது. ‘விவசாயி தானாகத்தானே விற்றார்?’ என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, எந்த வயல் முதலில் போனது என்பதைத்தான். முதல் வயலை விற்றவருக்கு விருப்பம் இருந்தது. அவருக்குப் பின்னால் விற்றவர்களுக்கு இருந்தது கணக்கு மட்டும்தான்.

பெரிய தொழிற்சாலை வந்தால் எல்லோருக்கும் தெரியும், எதிர்ப்பு எழும், விசாரணை நடக்கும். ஒன்றிரண்டு மனையாகச் சிதறி வருவதை யாரும் எதிர்ப்பதில்லை. பிரிட்டனில் இந்தப் பாடத்தைச் சாலை ஓரத்தில் படித்தார்கள். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் கார் பெருகியது. ஊர்களுக்கு நடுவே போகும் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் வீடும் கடையும் பெட்ரோல் நிலையமும் நாடாவாக நீண்டன. ஒவ்வொன்றுக்கும் சாலையிலேயே வாசல். பின்னால் இருந்த நிலம் அடைபட்டது. விரைந்து போகப் போட்ட சாலை ஊர்ந்து போகும் சாலையாயிற்று. 1935-ல் இதைத் தடுக்கவே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அது போதாமல், 1947-ல் நிலம் வைத்திருப்பது வேறு, அதில் கட்டும் உரிமை வேறு என்று பிரித்து, கட்டுவதற்கு அனுமதி வாங்கவேண்டும் என்றார்கள். பாதி உலகம் அதற்குப் பிறகும் நெடுஞ்சாலை போட்டு, இரு பக்கமும் கடை கட்ட விட்டு, நெரிசல் என்று புறவழிச்சாலை போட்டு, அதற்கும் இரு பக்கமும் கடை கட்ட விட்டுக்கொண்டிருக்கிறது.

ஆகவே, என்ன வருகிறது என்பதைவிட எங்கே வருகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். அதே கடை ஊர் நடுவில் வந்தால் நடந்து போகிற கிழவருக்கும் உதவும், பக்கத்துக் கடைக்கும் ஆள் கூட்டும். ஊருக்கு வெளியே மூன்று கிலோமீட்டர் தள்ளி, கட்டடத்தைவிடப் பெரிய வாகன நிறுத்தத்தோடு வந்தால், வண்டி இல்லாதவருக்கு அது இல்லாத கடை. அதோடு நடு ஊரில் இருந்த கடைகளும் ஒவ்வொன்றாக அடைக்கும்.

சரி, கோடு போட்டுவிடலாமா? இந்தப் பக்கம் கட்டடம், அந்தப் பக்கம் வயல் என்று? அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 1973-ல் அதைத்தான் செய்தது. டாம் மெக்கால் ஆளுநராக இருந்தபோது வந்த சட்டத்தின்படி ஒவ்வொரு நகரமும் தன் வளர்ச்சிக்கு ஓர் எல்லை வகுத்தாகவேண்டும். நிலம் காப்பாற்றப்பட்டது உண்மை. அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவரின் வயிற்றெரிச்சலும் உண்மை. கோட்டுக்கு இந்தப் பக்கம் நிலம் வைத்திருந்தவர் பணக்காரர் ஆனார், அந்தப் பக்கம் வைத்திருந்தவர் விவசாயியாகவே இருந்தார். 2004-ல் வாக்கெடுப்பு வைத்தபோது, கட்டுப்பாட்டால் நில மதிப்பு குறைந்தவர்களுக்கு இழப்பீடு கொடு, இல்லையேல் கட்டுப்பாட்டைத் தளர்த்து என்று மக்கள் தீர்ப்பளித்தார்கள். கோரிக்கைகள் குவிந்தன. 2007-ல் இன்னொரு வாக்கெடுப்பில் அதே மக்களே அதைச் சுருக்கினார்கள்.

என்னைப் போன்றவர்கள் நாக்கைக் கடித்துக்கொள்ளவேண்டிய இடம் இது. தன் நிலத்தை எப்போதோ விற்றுவிட்டு நகரத்தில் குடியேறிய நாம், இன்னும் விற்காமல் இருப்பவரிடம் ‘நீங்கள் விற்காதீர்கள், ஊர் அழகு கெட்டுவிடும்’ என்கிறோம். அவருக்கு அந்த நிலம்தான் ஓய்வூதியம், மருத்துவச் செலவு, மகளின் படிப்பு. நம் கண்குளிர்ச்சிக்கு அவர் ஏன் கட்டணம் செலுத்தவேண்டும்?

இதற்கு எனக்குத் தெரிந்து ஓரளவு நேர்மையான பதில், மேரிலாந்து மாநிலத்தின் மான்ட்கோமரி மாவட்டத்தில் 1980-ல் வந்த ஏற்பாடு. தலைநகர் வாஷிங்டனை ஒட்டிய இடம். விட்டிருந்தால் முழுக்க வீடாகியிருக்கும். சுமார் 93,000 ஏக்கரை வேளாண் ஒதுக்கமாக அறிவித்து, 25 ஏக்கருக்கு ஒரு வீடுதான் என்றார்கள். அத்தோடு நிறுத்தவில்லை. ஐந்து ஏக்கருக்கு ஒன்று என்ற கணக்கில் கட்டும் உரிமையை உழவருக்குத் தனிச் சரக்காகக் கொடுத்தார்கள். நகர்ப் பகுதியில் கூடுதலாகக் கட்ட விரும்பும் நிறுவனம் அதை அவரிடம் விலை கொடுத்து வாங்கவேண்டும். நிலமும் உழவும் அவரிடமே இருக்கும். பணமும் கைக்கு வரும். வாங்க ஆள் இல்லாத இடத்தில் இது வெறும் காகிதம்தான், அதையும் ஒப்புக்கொள்கிறேன். விதியை அரைகுறையாக எழுதினாலும் கெட்டது. வெர்மான்ட் மாநிலத்தில் 1970-ல், நிலத்தை மனைகளாகப் பிரிக்க அனுமதி வாங்கவேண்டும் என்று வந்த நல்ல சட்டம் ஒன்று, பத்து ஏக்கருக்கு மேற்பட்ட மனைகளுக்கு விலக்குக் கொடுத்தது. உடனே நிலத்தைப் பத்து ஏக்கரும் கொஞ்சமுமாக வெட்டி விற்றார்கள். குடியிருக்க அது மிகப் பெரிது, உழவுக்கு மிகச் சிறிது. அந்த ஓட்டையை அடைக்க 1984 ஆயிற்று.

சுற்றுலாதான் மருந்து என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜப்பானில் த்சுமாகோ என்ற பழைய சாலையோர ஊர் ஆள் குறைந்து அழியும் நிலையில் இருந்தது. 1971-ல் ஊர்க்காரர்களே கூடி விற்கமாட்டோம், வாடகைக்கு விடமாட்டோம், இடிக்கமாட்டோம் என்று மூன்று உறுதி எடுத்தார்கள். ஊர் பிழைத்தது. வெளியார் முதலீடு வந்து விழுங்குவதற்கு முன்பே கதவைச் சாத்திக்கொண்டதுதான் அவர்கள் கெட்டிக்காரத்தனம். சுவிட்சர்லாந்தில் தாமதமாக விழித்தார்கள். அங்கே மலை ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி ஜன்னல் சாத்தியே கிடக்கும் விடுமுறை வீடுகளின் படுக்கைகளுக்குக் ‘குளிர்ந்த படுக்கைகள்’ என்றே பெயர். 2012 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில், எந்த ஊராட்சியிலும் இப்படிப்பட்ட இரண்டாம் வீடுகள் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 50.6 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். மயிரிழை வெற்றி. மலை ஊர்களிலேயே எதிர்ப்பு பலமாக இருந்தது, ஏனென்றால் அந்த வீடுகளைக் கட்டும் கொத்தனாரும் தச்சரும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி ஒரு திட்டம் வந்தால் ‘வளர்ச்சி வேண்டுமா வேண்டாமா’ என்ற பட்டிமன்றத்தில் நான் கலந்துகொள்வதாக இல்லை. பக்கத்து வயலில் அடுத்த பத்து ஆண்டு உழ முடியுமா என்று கேட்பேன். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகும், வாசல் எந்தச் சாலையில் திறக்கும் என்று கேட்பேன். வியாபாரம் படுத்துவிட்டால் அந்தக் கொட்டகையை யார் இடிப்பார்கள், அதற்கான பணத்தை இப்போதே வைப்பார்களா என்று கேட்பேன். இவற்றுக்குப் பதில் இருந்தால் தாராளமாகக் கட்டட்டும். நானே போய்ப் பொருள் வாங்குவேன்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தையும் வேலை நாளில் பகல் பதினோரு மணிக்கு, குளிரூட்டிய அறையில் வைக்கவேண்டாம். அந்த நேரத்தில் வரமுடிகிறவர்கள் நிலத்தை விற்க நினைப்பவர்களும், வாங்க நினைப்பவர்களும், என்னைப் போன்ற வாய்ச்சொல் வீரர்களும்தான். கல் நடப்போகும் இடத்திலேயே, மாலையில், வரப்பு மேல் நின்று பேசட்டும். பெருமழைக்கு மறுநாளாக இருந்தால் இன்னும் நல்லது. அதிகாரிகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரலாம்.