செத்த பல்லுக்கு உயிர் வந்தது, புதுப் பல் முளைக்கவில்லை

பால் பல்லின் ஸ்டெம் செல்லை, அதாவது வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய மூலச் செல்லை, சேமித்து வைத்தால் பின்னால் புதுப் பல்லே முளைக்க வைக்கலாம் என்கிற மாதிரி உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், அது கொஞ்சம் அதிகம். மனிதர்களிடம் செய்து பார்த்ததில் பேர் வாங்கியது சீனாவின் சியான் நகரத்தில் நடந்த சோதனை, 2018இல் வெளியானது. அடிபட்டு முன்பல்லின் கூழ் (பல்லுக்குள்ளே ரத்தமும் நரம்பும் ஓடுகிற மெத்தென்ற சதை) செத்துப்போன பிள்ளைகள், பல்லுக்கு வேர் இன்னும் முழுசாக வளராத வயசு. அவர்களுடைய பால் பல் ஒன்றையே எடுத்து, அதன் கூழிலிருந்து செல்லை வளர்த்து, அடிபட்ட பல்லின் வேருக்குள் இருக்கிற குழாயில் வைத்தார்கள். 30 பேருக்கு இப்படி, 10 பேருக்கு வழக்கமான சிகிச்சை. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் செல் வைத்த பிள்ளைகளுக்கு வேர் நீண்டிருக்கிறது, ரத்த ஓட்டம் வந்திருக்கிறது, பல்லில் உணர்ச்சியும் திரும்பியிருக்கிறது. பெரிய விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இருந்த பல்லுக்குத்தான் உயிர் வந்தது.

அப்புறம், விழுந்த பல்லைக் காகிதத்தில் மடித்து பீரோவில் வைத்திருக்கிறேன், உதவுமா என்று கட்டுரைக்குக் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். உதவாது. செல் காய்ந்து எப்போதோ செத்திருக்கும். தானாக ஆடி விழுகிற பல்லில் வேர் கரைந்து கூழே மிச்சமில்லாமலும் போகலாம், அடியில் சிவப்பாகச் சதை தெரிந்தால்தான் பேச்சே. அதையும் ஈரம் காயாமல், குளிர்ச்சியாக, சீக்கிரமாக ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும், அங்கே திரவ நைட்ரஜனில் உறைய வைப்பார்கள். இதற்கு வருஷா வருஷம் பணம் கேட்கிறவர்களிடம், சேமித்ததில் இதுவரை எத்தனை பேருக்குச் சிகிச்சைக்கு எடுத்துக் கொடுத்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்.